பதினாறுக்குப் பதினாறு

1959ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பதினோராந் திகதி, வெள்ளிக்கிழமை. மூன்று நாட்களாக விடாது பெய்த மழை அன்று விடியற்காலையிற் சற்றே ஓய்ந்திருந்தது. வானம் கழுவிக் கவிழ்த்த சட்டியின் அடிப்புறம் போலக் கறுத்துக் கிடந்தது. வாடைக்காற்று வீசிற்று. வீரைமோட்டைக் குளம் நிரம்பி, மிகுநீர் வான் வழியே பாயும் இரைச்சல் அரை மைல் தூரத்திலிருந்த வயல்வெளி வரைக்கும் கேட்டது.

பரமலிங்கம் தன் வயலின் கீழ்வரம்பிலே முழங்கால் அளவு சேற்றில் நின்று, தேங்கிய வெள்ளத்தை வடியவிடுவதற்காக வரம்பை வெட்டிக்கொண்டிருந்தான். மேல்வரம்பில் அவனுடைய தமக்கை பத்மாசனி தோன்றினாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள்.

"எடேய் தம்பி! மண்வெட்டியைப் போட்டிட்டு ஓடி வா. நேசத்துக்கு இடுப்பு நோகுதாம்!"

"எப்ப துடக்கம் அக்கா?"

"விடியப்புறம் துடக்கமாம். இப்பதான் வாயைத் திறந்து சொல்லுறாள். புட்டுக்கு மாக் குழைச்சுக்கொண்டு நிண்டவள், குழைச்ச மாவோடை குந்தியிட்டாள்."

பரமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. கலியாணமாகி நான்கு ஆண்டுகள் கடந்து தரித்த முதற் பிள்ளை அது. அவன் மகிழ்ந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் வீரைமோட்டையின் பிள்ளைப்பேற்று விடுதியைப் பற்றி முதலிற் சொல்லவேண்டும்.

துணுக்காய்ப் பகுதியில், காடு வெட்டி உருவாக்கிய குடியேற்றம் வீரைமோட்டை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த நூற்றைம்பது குடும்பங்கள் அங்கே குளத்து நீரை நம்பி நெல் விளைவித்தன. முதல் ஏழு ஆண்டுகளில் வண்டிப் பாதையில் வைத்தே பிள்ளை பெற்ற பெண்கள் உண்டு. பெறாமலே கண்ணை மூடியவளும் ஒருத்தி உண்டு. ஆகவே கிராம முன்னேற்றச் சங்கத்தின் செயலாளராகிய பரமலிங்கம் மனுவுக்கு மேல் மனு எழுதினான். ஊரார் தாமே கல் அரிந்து, சூளை வைத்து, சிரமதானத்தாற் கட்டடத்தை எழுப்பினார்கள். அரசாங்கம் நான்கு கட்டில்களையும் விமலேஸ்வரி என்னும் மருத்துவிச்சியையும் அனுப்பியது. சென்ற ஜூன் மாதம் விடுதி திறக்கப்பட்டது.

திறந்துவைத்த பெரிய டாக்குத்தர் ஒரு சொல்லையும் சொல்லிவிட்டுப் போனார்: வருடத்துக்கு முப்பது பிள்ளைகளாயினும் அங்கே பிறக்காவிட்டால் கட்டில்களைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோக நேரிடும்.

அன்றிலிருந்து பரமலிங்கத்துக்குப் பிள்ளைக் கணக்கே பெரும் கணக்காயிற்று. நீர்ப்பாசனக் கந்தோர் கழித்துவிட்ட கரும்பலகை ஒன்றைக் கொண்டுவந்து விடுதியின் முன்விறாந்தையில் மாட்டினான். பிள்ளை பிறந்ததும் தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று வெண்கட்டியால் முத்து முத்தாக எழுதுவான். அடியிலே பெரிய எழுத்தில், "பிறந்தவை 16, சுகமாக இருப்பவை 16" என்று இருந்தது.

அயல் வயற்காரனாகிய கனகலிங்கம் ஆவணி மாதத்தில் தன் பெண்சாதியைப் பேறுகாலத்துக்காகத் தாய்வீட்டுக்கு, யாழ்ப்பாணத்துக்கு, அனுப்பிவிட்டான். சங்கக் கூட்டத்திற் பரமலிங்கம் அவனை எழுப்பி நிறுத்தி, "எங்கடை கட்டில் இருக்க வேறை கட்டிலிலை போய்ப் பெறுறது, வீட்டிலை சோறு கிடக்க ஊரிலை கையேந்திற மாதிரி" என்று சொன்னான். கூட்டம் சிரித்தது. கனகலிங்கம் சிரிக்கவில்லை.

இப்பொழுது பதினேழாவது பிள்ளை செயலாளருடைய பிள்ளையாகவே வரப்போகின்றது. பரமலிங்கம் வாய்க்காலிற் காலைக் கழுவிக்கொண்டு ஓடினான்.

நேசமலர் மெலிந்த உடல்வாகு உடையவள். பேச்சிற் சிக்கனமும் பார்வையிற் குறும்பும் உள்ளவள். கால் மைல் தூரத்திலிருந்த விடுதிக்கு நடந்தே வந்தாள். நோவு வரும்போது கணவனின் தோளைப் பிடித்து நிற்பாள். நோவு போனதும் நடப்பாள்.

"பைய நட. எட்டு நாளைக்கு முந்தி வந்திட்டான் பாத்தியே, சங்கத்திலை சேர அவ்வளவு அவசரம்" என்றான் அவன்.

"பொம்பிளைப் பிள்ளையெண்டால் சங்கத்திலை சேர்க்க மாட்டியளோ?"

"சேர்க்கலாம். உன்னை மாதிரிக் குறுக்குக் கேள்வி கேளாட்டில்."

விமலேஸ்வரி அவர்களை வாசலில் எதிர்கொண்டாள். இருபத்தேழு வயது, பயிற்சி முடித்து நான்கு ஆண்டுகள். ஊரவர்கள் அவளை 'மிசி' என்று அழைத்தார்கள். நேசமலரை உள்ளே கூட்டிச் சென்று கதவைச் சாத்தினாள்.

பத்மாசனி விறாந்தையில் அமர்ந்து சாமான் மூட்டையை அவிழ்த்தாள். பழைய வெள்ளை வேட்டித் துண்டுகள், சரக்குத்தூள், பனங்கட்டி, பிள்ளை பிறந்ததும் முதலில் உடுத்துவதற்கென்று கோயிலில் வைத்தெடுத்த மஞ்சட் சீலை. பரமலிங்கம் பலகையின் அடியிற் புதிய வெண்கட்டி ஒன்றை எடுத்துவைத்தான்.

கதவு திறந்தது. விமலேஸ்வரியின் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"அண்ணை, ஒரு விசியம் கேக்கோணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. இந்த முறை சிறுபோகத்துக்குத் தண்ணி எப்ப திறந்தது?"

பேறுகாலத்தில் வயற்கணக்குக் கேட்கும் மருத்துவிச்சியை அவன் அதற்கு முன் கண்டதில்லை.

"ஏன் மிசி?"

"நேசக்கா முதல் நாள் என்னட்டை வந்தபோது திகதி தெரியாதெண்டு சொன்னவா. 'தண்ணி திறந்த கிழமைதான் கடைசியாத் தலை முழுகினனான்' எண்டா. நான் நீர்ப்பாசனக் கந்தோர் ஓவசியர் ஐயாவிட்டைக் கேட்டன். அவர் கொப்பியைப் பாத்து மார்ச் பதினாலு எண்டார். அந்தக் கணக்கிலைதான் இண்டைக்கு எட்டு நாள் குறைய மாசம் சரி."

"மார்ச் பதினாலுதான் துருசு திறந்தது. அது சரி மிசி" என்று தொடங்கிய பரமலிங்கம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டான்.

அது சரியல்ல. குளத்து மதகாகிய துருசின் கதவு திறந்த மூன்றாம் நாள் இரவு யானைக் கூட்டம் ஒன்று பெருவாய்க்காலைக் கடந்தது. மிதிபட்ட கட்டு உடைந்து நீர் முழுவதும் காட்டுக்குட் போயிற்று. கதவை மூடினார்கள். உடைப்பை அடைக்க மண்மூட்டை சுமந்தவர்களில் அவனும் ஒருவன். தோளில் அந்தத் தழும்பு இன்னும் மாறவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கும் பின்னரேதான் மறுபடி திறந்தார்கள். கந்தோருக்குத் தண்ணீர் திறந்த நாள் என்பது துருசுக் கதவு உயர்ந்த நாள். வீரைமோட்டைப் பெண்களுக்கோ அது தங்கள் வயலிற் கால் நனைந்த நாள்.

"மிசி... வயலுக்குத் தண்ணி வந்தது ஏப்பிரல் இருபத்துமூண்டு."

விமலேஸ்வரி விரல்களை மடக்கி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"அப்ப ஏழு கிழமை குறைவு. தை மாசக் கடைசியிலை பிறக்கவேண்டிய பிள்ளை." அவள் சுவரோடு சாய்ந்தாள். "வயிறு சின்னன் எண்டு நான் போன மாசமே கண்டனான். ஆள் மெல்லிசு, அதாலைதான் எண்டு நினைச்சன். என்ரை பிழை அண்ணை."

"பிழையைப் பிறகு பாப்பம். இப்ப என்ன செய்யிறது?"

"வவுனியாவுக்குப் போகோணும். பிள்ளை வயித்துக்குள்ளை இருக்கேக்கையே போகோணும். நீர்க்குடம் இன்னும் உடையேல்லை. முதற் பிள்ளை, நேரம் எடுக்கும்."

பத்மாசனி எழுந்தாள். "என்ன மிசி விசர்க்கதை கதைக்கிறியள்? நாற்பத்துநாலு மைல்! இந்த வெள்ளத்திலை! அங்கை ஒரு வாட்டிலை முப்பது பேர் கிடப்பாளவை. ஆர் எங்கடை பிள்ளையைப் பாக்கிறது? இஞ்சை எண்டால் நீங்கள் ஒரு ஆளாய்ப் பக்கத்திலை இருந்து பாப்பியள். உங்கடை கை ராசியான கை. பாருங்கோ, பதினாறுக்குப் பதினாறு!"

அவள் சுட்டிக் காட்டிய பலகையை மூவரும் பார்த்தார்கள். பரமலிங்கத்தின் நெஞ்சுக்குள்ளும் அதே சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அரிந்த கல். அவன் சுமந்த மரம். அவன் எழுதிய மனு. அந்த வாசலைத் தாண்டித் தன் மனைவியையே வேறிடத்துக்குக் கொண்டுபோவதென்றால் நாளைக்கு எவள் இங்கே வருவாள்?

விமலேஸ்வரி தணிந்த குரலிற் சொன்னாள்:

"அக்கா, அந்தப் பதினாறும் சுகமாய் வந்த பிள்ளையள். நான் இல்லாட்டிலும் அதிலை பதினைஞ்சு சுகமாய்த்தான் பிறந்திருக்கும். மாசம் குறைஞ்ச பிள்ளை அதிலை ஒண்டுகூட இல்லை. பயிற்சியிலை ரெண்டு கண்டனான். அதுவும் பெரிய மிசிமாற்றை முதுகுக்குப் பின்னாலை நிண்டு எட்டிப் பாத்தது. எங்களுக்கு ஆறு மாசத்திலை பிறந்த பதினாறு, அங்கை ஒரு கிழமையிலை பிறக்கும். அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. ஒரு வயலை மட்டும் செய்தவனும் நூறு வயலைப் பாத்தவனும் மடிச்சுக்கட்டிப் பூச்சி விழுந்த பயிரை ஒரே மாதிரிக் கண்டுபிடிப்பினமோ?"

பரமலிங்கம் பலகையிலிருந்து பார்வையைத் திருப்பினான். அவள் தொடர்ந்தாள்:

"மூச்சு வாங்காட்டில் என்ன செய்யிறதெண்டு எனக்குப் புத்தகத்திலை தெரியும். கைக்குத் தெரியாது."

அந்நேரம் உள்ளேயிருந்து நேசமலரின் குரல் கேட்டது. நோவின் இடைவெளியிற் பேசிய குரல். ஆயினும் தெளிவாகவே இருந்தது.

"இஞ்சாருங்கோ, எனக்கு எல்லாம் கேக்குது. உங்கடை பலகைக்குப் பிள்ளை வேணுமோ, எங்களுக்குப் பிள்ளை வேணுமோ?"

பரமலிங்கம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். பின்பு, மீண்டும் தொடங்கிய மழைக்குள் இறங்கி ஓடினான்.

ஊரில் அன்று நின்ற ஒரேயொரு வாகனம் யாகப்புவினுடைய லொறி. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த யாகப்பு, கிழமைதோறும் வியாழக்கிழமை கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றுபவன். முதல் நாள் வந்தவன் மழையில் அகப்பட்டுச் சங்கக்கடை வாசலிற் படுத்திருந்தான். செய்தியைக் கேட்டதும் சாரத்தை இறுக்கிக்கொண்டு எழுந்தான்.

"லொறி கிடக்கு, பெற்றோலும் கிடக்கு. ஆனால் செக்கிரட்டரி, மணம் ஒண்டு இருக்கே. சுறாவும் கட்டாவும் கிடந்த இடம். உங்கடை அக்கா வெள்ளிக்கிழமை விரதக்காரி."

"அக்காவை நான் பாக்கிறன். நீ இயந்திரத்தை முடுக்கு."

கருவாட்டுச் சிப்பங்கள் கடைக்குள் இறங்கின. அதற்குள் ஊர் கூடிவிட்டது. லொறிப் பலகையின் அதிர்ச்சி நேசமலரைத் தாக்காதிருக்க இடுப்பளவு வைக்கோல் பரப்பவேண்டும் என்று விமலேஸ்வரி சொல்லியனுப்பினாள். முதலாவது வைக்கோற்கட்டைச் சுமந்துவந்தவன் கனகலிங்கம். மழை படாத நடுப்போரிலிருந்து உருவிய உலர்ந்த வைக்கோல்.

"என்ன செக்கிரட்டரி," என்றான் அவன், கட்டை உதறி விரித்தபடி, "வீட்டிலை சோறு கிடக்க ஊரிலை கையேந்தப் போறியள் போலை?"

பரமலிங்கம் தலை குனிந்தான். "ஓமடாப்பா. பசி அப்பிடி."

கனகலிங்கம் கட்டின் கடைசி வைக்கோலையும் பரப்பி முடித்தான். பின்பு, "மாங்குளத்துக்கு இஞ்சாலை பாலத்துக்கு மேலாலை வெள்ளம் பாயுதாம். நானும் வாறன். தள்ள ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினான்.

மணி எட்டரைக்கு லொறி புறப்பட்டது. வைக்கோலின் மேற் பாயை விரித்து நேசமலரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். விமலேஸ்வரி அவளுடைய வயிற்றில் ஒரு கையை வைத்தபடியே இருந்தாள். பத்மாசனி சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தி, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டு மூலையிற் குந்தியிருந்தாள்.

"மூக்கைத் திறந்து கும்பிடுங்கோ அக்கை!" என்று யாகப்பு முன்னாலிருந்து கத்தினான். "முருகனுக்கு விளங்காது!"

"நீ றோட்டைப் பாத்து ஓட்டு. உன்ரை மாதாவையும் கூப்பிடு. ரெண்டு பேரும் வரட்டும்!"

நேசமலர் நோவுக்கிடையிலும் சிரித்தாள். விமலேஸ்வரி, "சிரியாதேங்கோ அக்கா, வயித்தை இறுக்கும்" என்று சொல்லித் தானும் சிரித்தாள்.

பாலத்தை அடைந்தபோது தெருவும் ஆறும் ஒரே நிறமாகக் கிடந்தன. கனகலிங்கம் இறங்கி, நீண்ட தடியொன்றை முறித்து, தொடையளவு நீரில் முன்னே நடந்தான். தெருவின் விளிம்பைத் தடியாற் குத்திக் குத்தி அறிந்து கையைக் காட்டினான். அவன் காட்டிய கையின் வழியே லொறி நத்தையாய் ஊர்ந்தது. பரமலிங்கம் பின்னால் நின்று தள்ளினான். நடுவில் ஒரு முறை சில்லு வழுக்கியது. அவனுடைய வாயிலிருந்து ஒரு தெய்வத்தின் பெயரும் வரவில்லை. "ஏழு கிழமை, ஏழு கிழமை" என்றே வந்தது. சில்லு மண்ணைப் பற்றியது, லொறி கரையேறியது.

மாங்குளத்தில் யாகப்பு பாணும் சம்பலும் வாங்கிவந்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தான். பத்மாசனி கையை நீட்டவில்லை.

"கருவாட்டுக் கை."

"கழுவினனான் அக்கை."

"மூண்டு கடல் தண்ணியிலை கழுவினாலும் அது கருவாட்டுக் கைதான்."

ஓமந்தை கடந்ததும் நோவுகள் நெருங்கின. நேசமலர் பேச்சை நிறுத்திவிட்டாள். விமலேஸ்வரி கடிகாரத்தைப் பார்ப்பதும் யாகப்புவை விரட்டுவதுமாக இருந்தாள். வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் லொறி நின்றபோது மணி பன்னிரண்டேமுக்கால்.

அதன் பின்னர் நடந்தவற்றைப் பரமலிங்கம் ஒரு மூடிய கதவின் வெளிப்புறத்திலிருந்தே அறிந்தான். விறாந்தையில் வேறு தகப்பன்மாரும் இருந்தார்கள். ஒருவன் வெற்றிலை சப்பினான். ஒருவன் நித்திரை கொண்டான். அங்கே பிள்ளை பிறப்பது தபால் வருவது போல் நாளாந்தக் காரியமாக நடந்துகொண்டிருந்தது. காலையில் அவனுக்கு அதுவே பயமாக இருந்திருக்கும். இப்பொழுது அதுவே ஆறுதலாக இருந்தது.

இரண்டு மணி நாற்பது நிமிடமளவில் உள்ளே காலடிகள் விரைந்தன. அழுகுரல் கேட்கவில்லை. பத்மாசனி தம்பியின் கையைப் பிடித்தாள். அவன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்த நிமிடத்தைக் குறித்துப் பழகிய கண்கள் வேறெங்கே போகும்? ஒரு நிமிடம். ஒன்றரை. இரண்டாம் நிமிடம் முடியுமுன் பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. மீண்டும் வந்தது. அது அழுகையே.

விமலேஸ்வரி கைகளைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"பொம்பிளைப் பிள்ளை. மூண்டரை இறாத்தல். நேசக்கா சுகம்." அவள் வாங்கிலில் அமர்ந்தாள். "மூச்சு வரேல்லை அண்ணை. அந்தப் பெரிய மிசி ஒரு சொட்டும் பதறேல்லை. சின்னக் குழாயை விட்டுச் சளியை உறிஞ்சினா. பிள்ளையின்ரை வாயோடை வாய் வைச்சுப் பூவை ஊதிற மாதிரி ஊதினா. மார்கழியிலை இது தனக்கு மூண்டாவது எண்டு சொன்னா. நானெண்டால் முதலிலை துணியைத் தேடியிருப்பன்."

பரமலிங்கம் அவளுடைய காலடியில், வெறுந்தரையில் இருந்துவிட்டான். "நீங்கள் அனுப்பாட்டில்?" என்று மட்டும் கேட்டான். யாகப்பு மீதியிருந்த பாணை நீட்டினான். பத்மாசனி அதை வாங்கி, கண்ணீரோடு சேர்த்துத் தின்றாள்.

குழந்தை பஞ்சினாலும் சுடுநீர்ப் போத்தல்களினாலும் சூழப்பட்ட பெட்டித் தொட்டிலில் வளர்ந்தது. தாய்ப்பாலைக் கறந்து துளித்துளியாகக் குழாயால் ஊட்டினார்கள். விமலேஸ்வரி நான்கு நாட்கள் அங்கே தங்கி, பெரிய மிசியின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் தன் கையாற் செய்து பழகினாள். பத்மாசனி ஆறு கிழமையும் நேசமலரோடும் குழந்தையோடும் இருந்தாள். யாகப்பு வவுனியாவுக்குச் சுற்றிப் போய், வியாழன்தோறும் செய்தி கொண்டுவருவான்: "நாலு இறாத்தல்!" "நாலேகால்!" கருவாட்டு நிறையைக் கேட்பதை விட்டு ஊர் முழுவதும் பிள்ளையின் நிறையைக் கேட்டது.

1960ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இருபத்தோராந் திகதி வியாழக்கிழமை, அதே லொறியில், ஐந்து இறாத்தல் நிறையுள்ள குழந்தை அருந்ததி வீரைமோட்டைக்கு வந்தாள். வானம் வெளுத்திருந்தது, நெற்கதிர்கள் பாரத்தாற் சாயத் தொடங்கியிருந்தன. நேசமலர் வீட்டுக்குப் போகாமல் முதலில் விடுதியில் இறங்கினாள். மஞ்சட் சீலையிற் சுற்றிய பிள்ளையை விமலேஸ்வரியின் கையிற் கொடுத்தாள்.

பலகையில் இன்னும் பதினாறே இருந்தது.

"செக்கிரட்டரி, இடையிலை மூண்டு பிள்ளை பிறந்திருக்கு. ஏன் எழுதேல்லை?" என்று விமலேஸ்வரி கேட்டாள்.

"எழுத மனம் வரேல்லை மிசி."

அவன் ஈரத்துணியாற் கடைசி வரியைத் துடைத்தான். "பிறந்தவை 19, சுகமாக இருப்பவை 19" என்று எழுதினான். பின்பு அதன் கீழே, அதே அளவு பெரிய எழுத்தில், "அனுப்பியது 1" என்று எழுதினான்.

"உப்பிடி எழுதினால் பெரிய டாக்குத்தர் கட்டிலைக் கழட்டிக்கொண்டு போயிடுவாரே?" என்றான் கனகலிங்கம்.

"கேட்டால் நான் மறுமொழி சொல்லுவன். கட்டில் நாலும் கிடக்கட்டும். ஆரை வைச்சிருக்கிறது, ஆரை அனுப்பிறது எண்டு தெரிஞ்ச ஆளும் கிடக்கட்டும். இனி மனு எழுதிறது ரெலிபோனுக்கும், நோயாளியைக் கொண்டுபோக ஒரு வானுக்கும்."

"வான் வருமட்டும் என்ரை லொறி இருக்குத்தானே" என்றான் யாகப்பு.

"வெள்ளிக்கிழமை தவிர" என்றாள் பத்மாசனி.

நேசமலர் பலகையைப் படித்தாள். "குறையாய்க் கிடக்கு. போனது ஒண்டு. வந்தது எத்தினை?"

பரமலிங்கம் வெண்கட்டியை மறுபடி எடுத்தான். "திரும்பி வந்தது 2" என்று எழுதி, தன் வழக்கப்படி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பக்கத்தில் நேரத்தையும் குறித்தான்: முற்பகல் பத்து மணி இருபத்திரண்டு நிமிடம்.